ஆறு ஆட்டங்கள், மூன்றே புள்ளிகள்: 2021 சீசன் என்எஃப்எல் பிளேஆஃப் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கத் தொடங்குகிறவர்கள் "எந்த வருஷத்து ஆட்டங்களிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 2021 சீசன் பிளேஆஃப். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கையோடு பத்துக் கேள்விகளையும் கொண்டுவருகிறார்கள். அடிக்கடி வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முடிவுகளை எல்லாம் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன். தெரிந்துகொண்டு பார்த்தாலும் இந்த ஆட்டங்களின் சுவை குறையாது.

2021 சீசன் என்கிறீர்கள், ஆட்டங்களின் தேதியோ 2022 என்று இருக்கிறதே?

லீக் ஆட்டங்கள் செப்டம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரங்களில் முடியும். அதன் பிறகுதான், தோற்றால் வெளியே என்ற பிளேஆஃப். சீசனுக்குப் பெயர் அது தொடங்கிய ஆண்டை வைத்து. இங்கே பேசப்போகும் 13 ஆட்டங்களும் 2022 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 13 வரை நடந்தவை.

ஆட்டமே எனக்குப் புதிது. குறைந்தபட்சம் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் டவுன். அந்த நான்குக்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு டவுன் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதன் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1. உதைக்காமல் மறுபடி ஓடியோ எறிந்தோ கோட்டைத் தாண்டினால் 2. கோடு வரை போக முடியாது என்று தோன்றினால் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம். அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். எறிவதற்கு முன் அவரை மடக்கித் தரையில் சாய்த்தால் சாக். அவர் எறிந்ததை எதிரணிக்காரர் பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன்.

இன்னொன்று, இந்தப் பக்கத்துக்கு மிகவும் வேண்டியது: கடிகாரம். ஆட்டம் 60 நிமிடம். பந்து பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே போனாலோ, எறிந்த பந்தை யாரும் பிடிக்காவிட்டாலோ கடிகாரம் நிற்கும். பந்து வைத்திருப்பவர் மைதானத்துக்குள்ளேயே மடக்கப்பட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் டைம்அவுட் கேட்க வேண்டும். ஒரு பாதிக்கு ஓர் அணிக்கு மூன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு கடைசி இரண்டு நிமிடங்களைப் பாருங்கள்.

எத்தனை அணிகள் வந்தன? யார் வலுவான அணி?

ஏஎஃப்சி, என்எஃப்சி என்ற இரு பிரிவுகளிலிருந்து ஏழேழு, மொத்தம் 14. பிரிவில் முதலிடம் பிடித்த அணிக்கு மட்டும் முதல் சுற்று ஓய்வு. அந்த முறை ஓய்வு பெற்றவை டென்னசி டைட்டன்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ். இரண்டும் அடுத்த சுற்றில் ஆடிய ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போயின.

ஒவ்வோர் அணியும் 17 லீக் ஆட்டம் ஆடிய முதல் சீசன் அது. லீக்கின் கடைசி இரவிலேயே நாடகம் தொடங்கிவிட்டது. லாஸ் வேகஸ் ரெய்டர்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸும் ஆடிய ஆட்டம் சமனில் முடிந்தால் இருவருமே உள்ளே, பிட்ஸ்பர்க் வெளியே என்ற நிலை. ஓவர்டைம் எனும் கூடுதல் நேரமும் சமனை நோக்கியே போனது. நேரம் முடியும் கணத்தில் ரெய்டர்ஸின் டேனியல் கார்ல்சன் 47 யார்டிலிருந்து உதைத்தார்; 35-32. சார்ஜர்ஸ் வெளியேறியது, பிட்ஸ்பர்க் உள்ளே வந்தது. பின்னால் வரப்போகும் ஒரு மாதத்துக்கு அந்த உதைதான் கட்டியம் கூறியது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் சுற்று எப்படி?

பெரும்பாலும் ஒருதலைப்பட்சம். பஃபலோ பில்ஸ் 47-17 என்று நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை நொறுக்கியது. டேம்பா பே 31-15 என்று பிலடெல்ஃபியாவை, கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 42-21 என்று பிட்ஸ்பர்க்கை, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 34-11 என்று அரிசோனாவை வென்றன. பிட்ஸ்பர்க்கின் பென் ராத்லிஸ்பர்கருக்கு அதுவே கடைசி ஆட்டம். ராம்ஸின் மேத்யூ ஸ்டாஃபர்ட், டெட்ராய்ட்டில் 12 சீசன் ஆடியும் கிடைக்காத பிளேஆஃப் வெற்றியை ராம்ஸுக்கு வந்த முதல் வருடமே பெற்றார்.

பஃபலோ ஆட்டத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாம். உறையும் குளிரில் பந்து கைக்கு வந்த முதல் ஏழு முறையும் ஏழு டச் டவுன். ஒரு முறைகூட முன்னேற வழியின்றிப் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கவில்லை, ஃபீல்டு கோலுக்கு இறங்கவில்லை, இழக்கவும் இல்லை. குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் அன்று ஆடியதற்கு மேல் ஒருவர் ஆட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு நாள் கழித்து அவரே ஏறக்குறைய அதே அளவுக்கு ஆடித் தோற்றார்.

சின்சினாட்டி பெங்கால்ஸ் 26-19 என்று ரெய்டர்ஸை வென்றது. அந்த அணிக்கு 31 ஆண்டுகளில் முதல் பிளேஆஃப் வெற்றி. ஓர் ஊரில் ஒரு தலைமுறையே வளர்ந்து, திருமணம் செய்து, குழந்தை பெற்ற பிறகு வந்த வெற்றி அது.

டல்லாஸ் கடைசியில் ஏன் ஓடினார்கள்? எறிந்திருக்கலாமே?

சான் ஃபிரான்சிஸ்கோ 23, டல்லாஸ் 17. இருப்பது 14 விநாடி, டைம்அவுட் ஒன்றும் இல்லை. குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் நடுவில் புகுந்து 17 யார்டு ஓடிச் சறுக்கி அமர்ந்தார். அடுத்த ஸ்னாப்பில் (பந்தைப் பின்னால் கொடுத்து ஒரு நகர்வைத் தொடங்குவது) பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தி, பிறகு ஒருமுறை எறிவது என்பது திட்டம். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நடுவர் பந்தைத் தொட்டு வைத்தாக வேண்டும். டல்லாஸ் வீரர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே கொடுத்து வைத்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஓடிவந்த நடுவர் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து பந்தை வைப்பதற்குள் நேரம் தீர்ந்தது. நடுவரைக் குறை சொன்னவர்கள் பலர். என் பார்வையில் தவறு திட்டத்தில்தான். பந்து நடுவர் கைக்குப் போய் வர எத்தனை விநாடி ஆகும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் ஓடிவிட்டார்கள்.

ஜனவரி 22, 23 என்ற அந்த இரண்டு நாட்களை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு என்று நான்கு ஆட்டங்கள். நான்கும் கடைசிப் பந்தில் முடிந்தன. முதல் மூன்றில் நேரம் தீரும் தருணத்தில் ஃபீல்டு கோல் அடித்து வென்றது வெளியூர் அணி. நான்காவது ஓவர்டைமில் ஒரு டச் டவுனோடு முடிந்தது. வித்தியாசங்களைக் கூட்டிப் பாருங்கள்: 3, 3, 3, 6. நான்கு ஆட்டத்துக்கும் சேர்த்து 15 புள்ளி. அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரத்து அரையிறுதிகள் (ஏஎஃப்சி, என்எஃப்சி பிரிவு இறுதிகள்) இரண்டும் 3 புள்ளியில், இறுதி ஆட்டமான சூப்பர் போலும் 3 புள்ளியில். கடைசி ஏழு ஆட்டங்களில் ஆறு ஒரே ஒரு ஃபீல்டு கோல் வித்தியாசத்தில் முடிந்தன. இப்படி ஒரு வரிசையை நான் வேறெந்த வருடத்திலும் பார்த்ததில்லை.

ஒன்பது முறை சாக் ஆன குவார்ட்டர்பேக் எப்படி ஜெயிக்க முடியும்?

ஜெயித்தார், அதுதான் அதிசயம். சின்சினாட்டியின் ஜோ பரோ. 2020-ல் அணிகள் புதிய வீரர்களை எடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அந்த ஆண்டு நவம்பரிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து சீசனை இழந்தவர். அவருக்கு முன்னால் நிற்க வேண்டிய தடுப்பு வரிசை பலவீனமானது. 2021 லீக் ஆட்டங்களில் லீக்கிலேயே அதிகமாக 51 முறை அவர் சாய்க்கப்பட்டார். டென்னசி அன்று இன்னும் ஒன்பது முறை சாய்த்தது.

ஆனால் டென்னசியின் ரையன் டானஹில் மூன்று இன்டர்செப்ஷன் கொடுத்தார். ஒன்று ஆட்டத்தின் முதல் ஸ்னாப்பில். மற்றொன்று 16-16 என்று இருக்கையில், சுமார் 20 விநாடி மீதமிருக்கும்போது. லோகன் வில்சன் பிடித்தார். பரோ தன் கல்லூரித் தோழர் ஜமார் சேஸுக்கு 19 யார்டு எறிந்தார். பிறகு எவன் மெக்ஃபர்சன் என்ற அறிமுக சீசன் கிக்கர் 52 யார்டிலிருந்து உதைத்தார். 19-16.

ஒவ்வொரு முறை விழுந்தும் முகம் மாறாமல் எழுந்து அடுத்த ஸ்னாப்புக்கு நின்றாரே, அதற்காகவே அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்க்கச் சொல்வேன். சுருக்கக் காட்சிகளில் அது தெரியாது.

கிரீன் பே சொந்த ஊரில், சொந்தக் குளிரில் ஏன் தோற்றது?

சான் ஃபிரான்சிஸ்கோவின் தாக்குதல் அணி அன்று ஒரு டச் டவுன்கூட அடிக்கவில்லை. கிரீன் பேயைக் கவிழ்த்தது உதைக்கும் பிரிவுதான். முதல் பாதி முடிவில் அவர்களின் ஃபீல்டு கோல் தடுக்கப்பட்டது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது, 10-3 என்று முன்னணியில் இருந்தபடி எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கப் போன பந்தை ஜார்டன் வில்லிஸ் கையால் மறித்தார்; பனியில் உருண்டதை டலனோவா ஹுஃபாங்கா அள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். 10-10. கடைசியில் ராபி கூல்ட் 45 யார்டிலிருந்து உதைத்தபோது கிரீன் பேயின் தரப்பில் 11 பேர் நிற்க வேண்டிய இடத்தில் 10 பேரே நின்றார்கள். 13-10. அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்ற ஆரன் ராட்ஜர்ஸ் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூல்ட் தன் வாழ்நாளில் பிளேஆஃப் ஃபீல்டு கோல் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

டாம் பிராடி 27-3 என்று பின்தங்கியும் சமன் செய்தாராமே?

ஆம். பிராடி டேம்பா பேயின் குவார்ட்டர்பேக். ராம்ஸ் 27-3 என்று முன்னணியில் இருந்தது. பிறகு பந்தை நழுவவிட ஆரம்பித்தது. ஆட்டத்தில் மொத்தம் நான்கு முறை நழுவவிட்டு இழந்தது. டேம்பா பே மெல்ல மெல்ல ஏறிவந்து, 42 விநாடி இருக்கையில் லெனர்ட் ஃபார்னட் ஓடிச் சேர்த்த டச் டவுனில் 27-27. அந்த நேரத்தில் ராம்ஸ் உடைந்துபோயிருக்க வேண்டும். ஸ்டாஃபர்ட் உடையவில்லை. கூப்பர் கப்புக்கு 20 யார்டு. தன்னைச் சாய்க்க ஆட்கள் பாய்ந்து வருவது தெரிந்தும் நின்று, மறுபடி கப்புக்கு 44 யார்டு. ஓடிப்போய் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார்கள். மேட் கே 30 யார்டிலிருந்து உதைத்து முடித்தார், 30-27. இந்த மேட் கே 2019-ல் டேம்பா பே தேர்ந்தெடுத்து, அடுத்த ஆண்டே வேண்டாம் என்று விட்ட கிக்கர்.

பிப்ரவரி 1 அன்று பிராடி ஓய்வை அறிவித்தார். 40 நாளில் திரும்பி வந்துவிட்டார்.

"13 விநாடி" என்றால் என்ன?

பஃபலோ ரசிகர் எவரிடமும் இந்த இரண்டு சொற்களைச் சொன்னால் போதும், முகம் வாடிவிடும்.

ஜனவரி 23 இரவு, கேன்சஸ் சிட்டியின் ஏரோஹெட் மைதானம். கடிகாரத்தில் 1 நிமிடம் 54 விநாடி. கேன்சஸ் சிட்டி 26, பஃபலோ 21. பஃபலோவுக்கு நான்காவது டவுன், தாண்ட வேண்டியது 13 யார்டு. ஆலன் எறிந்தார், கேப்ரியல் டேவிஸ் தனியாக நின்று பிடித்தார், 27 யார்டு டச் டவுன். கூடுதல் 2 புள்ளியும் சேர்ந்து 29-26.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்ததை வாங்கிய டைரீக் ஹில் மைதானத்தைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு 64 யார்டு ஓடினார். கேன்சஸ் சிட்டி 33-29. மீதம் 1:02.

ஆலன் மறுபடி இறங்கினார். மீண்டும் டேவிஸ், 19 யார்டு. 36-33. டேவிஸுக்கு அந்த ஆட்டத்தில் அது நான்காவது டச் டவுன். ஒரே பிளேஆஃப் ஆட்டத்தில் நான்கு பிடித்தவர் அவருக்கு முன் இல்லை. கடிகாரத்தில் 13 விநாடி. பஃபலோ ஓரத்தில் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

பஃபலோ உதைத்த பந்து எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தது. அன்றைய விதிப்படி கேன்சஸ் சிட்டிக்கு 25 யார்டு கோட்டில் பந்து, ஒரு விநாடிகூடக் குறையாமல். ஹில்லுக்கு 19 யார்டு, டைம்அவுட். டிராவிஸ் கெல்சிக்கு 25 யார்டு, டைம்அவுட். மீதம் 3 விநாடி. அதே ஆட்டத்தில் ஒரு ஃபீல்டு கோலையும் ஓர் எளிய கூடுதல் புள்ளியையும் தவறவிட்டிருந்த ஹாரிசன் பட்கர் இப்போது 49 யார்டிலிருந்து உதைத்தார். உள்ளே. 36-36. கடைசி 1:54-ல் மட்டும் இரு அணிகளும் சேர்ந்து 25 புள்ளி.

ஓவர்டைமுக்கு டாஸ். ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. கேன்சஸ் சிட்டி 75 யார்டு நடந்துபோய், கெல்சி 8 யார்டு டச் டவுன் பிடிக்க, 42-36. அன்றைய விதிப்படி ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆலன் கைக்குப் பந்து வரவே இல்லை. இரண்டு பிளேஆஃப் ஆட்டங்களில் ஒன்பது டச் டவுன் எறிந்து, ஓர் இன்டர்செப்ஷன்கூடக் கொடுக்காத மனிதர் அவர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது.

பஃபலோ என்ன செய்திருக்க வேண்டும்?

இரண்டு விஷயங்கள். முதலாவது, பந்தை எல்லை தாண்டி உதைக்காமல் தாழ்வாக, தரையில் தத்தும்படி உதைத்திருக்கலாம். எடுத்து ஓடியே ஆக வேண்டும். நான்கைந்து விநாடி போயிருக்கும். மீதமுள்ள எட்டு விநாடியில் இரண்டு பாஸ் எறிவது மிகக் கடினம். இரண்டாவது, அந்த இரண்டு பாஸ்களின்போது பஃபலோவின் தடுப்பாட்டக்காரர்கள் மிகவும் பின்வாங்கி நின்றார்கள். டச் டவுன் விழக்கூடாது என்ற பயம். ஆனால் கேன்சஸ் சிட்டிக்குத் தேவைப்பட்டது டச் டவுன் அல்ல, 3 புள்ளி. ஹில்லையும் கெல்சியையும் ஆரம்பத்திலேயே தள்ளி மறித்திருந்தால் போதும், அதற்கே இரண்டு விநாடி கரைந்திருக்கும்.

அப்படியானால் டாஸ் காரணம் இல்லையா? விதியை மாற்றினார்களே?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதிலும் உண்மை. பஃபலோ தோற்றதற்குக் காரணம் 13 விநாடி. டாஸ் வரை அந்த ஆட்டம் போயிருக்கவே கூடாது. ஆனால் அந்த விதி நியாயமானதா என்றால், இல்லை.

2010-ல் வந்த விதி இது: ஓவர்டைமில் முதலில் பந்து பெறும் அணி ஃபீல்டு கோல் அடித்தால் எதிரணிக்கு ஒரு வாய்ப்பு உண்டு, டச் டவுன் அடித்தால் வாய்ப்பே இல்லை. அந்த விதியின்கீழ் நடந்த 12 பிளேஆஃப் ஓவர்டைம்களில் 10-ல் டாஸ் வென்ற அணியே வென்றது; அவற்றில் ஏழு முதல் வாய்ப்பிலேயே முடிந்தவை. கிரிக்கெட்டில் டாஸ் தோற்றவனுக்கும் பேட்டிங் உண்டு. இங்கே அது இல்லை.

இதே கேன்சஸ் சிட்டி 2019 ஜனவரியில், மஹோம்ஸ் பந்தைத் தொடாமலேயே, நியூ இங்கிலாந்திடம் இதேபோல் தோற்றது. அப்போது விதியை மாற்றக் கோரியது கேன்சஸ் சிட்டிதான், எடுபடவில்லை. 2022 மார்ச்சில் இண்டியானாபொலிஸும் பிலடெல்ஃபியாவும் கொண்டுவந்த திருத்தம் 29-3 என்ற வாக்கில் நிறைவேறியது. பிளேஆஃபில் இனி இரு அணிக்கும் ஒருமுறையாவது பந்து கிடைக்கும். அதன் முதல் பயன் 2024 பிப்ரவரி சூப்பர் போலில் வந்தது: சான் ஃபிரான்சிஸ்கோ முதலில் ஃபீல்டு கோல் அடிக்க, கேன்சஸ் சிட்டி பதிலுக்கு டச் டவுன் அடித்து 25-22 என்று கோப்பை வாங்கியது.

அடுத்த வாரமே கேன்சஸ் சிட்டி தோற்றது எப்படி?

சின்சினாட்டிக்கு எதிராக முதல் மூன்று வாய்ப்பிலும் டச் டவுன் அடித்து 21-3. மைதானம் திருவிழாவாக இருந்தது. முதல் பாதி முடிய 5 விநாடி, ஸ்கோர் 21-10, பந்து 1 யார்டு கோட்டில். ஃபீல்டு கோலுக்குப் போயிருந்தால் 24-10. மஹோம்ஸ் பக்கவாட்டில் ஹில்லுக்கு எறிந்தார். ஈலை ஆப்பிள் அவரைக் கோட்டுக்கு முன்பே பிடித்து நிறுத்தினார். நேரம் முடிந்தது, ஒரு புள்ளியும் இல்லை. ஆட்டம் கடைசியில் 3 புள்ளியில்தான் தீர்ந்தது என்பதை நினைத்தால், எனக்கு அந்த ஒரு ஸ்னாப் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டாம் பாதியில் சின்சினாட்டி முறையை மாற்றியது. மஹோம்ஸை நோக்கி மூன்று பேரை மட்டும் அனுப்பி, எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தியது. எறிய இடமே இல்லாமல் அவர் தடுமாறினார். அந்தப் பாதி முழுக்கக் கேன்சஸ் சிட்டி எடுத்தது 3 புள்ளி. அதுவும் கடைசி நிமிடத்தில் வெற்றி டச் டவுனுக்கு அருகில் போய், சாம் ஹப்பர்ட் இரண்டு முறை சாக் செய்து பின்னுக்குத் தள்ளிய பிறகு, 44 யார்டிலிருந்து பட்கர் உதைத்தது. 24-24. ஓவர்டைம் டாஸ் மறுபடி கேன்சஸ் சிட்டிக்கே. இந்த முறை ஜெஸ்ஸி பேட்ஸ் தட்டிவிட்ட பந்தை வான் பெல் பிடித்தார். மெக்ஃபர்சன் 31 யார்டு. 27-24.

என்எஃப்சி இறுதி?

ராம்ஸுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ என்றாலே சிம்மசொப்பனம். அதற்கு முன் தொடர்ந்து ஆறு முறை தோற்றிருந்தது. இந்த முறையும் கடைசி கால்பகுதி தொடங்கும்போது 17-7 என்று பின்னால். கப்பின் இரண்டாவது டச் டவுனில் 17-14. அடுத்து ஸ்டாஃபர்ட் கண்மூடித்தனமாக உயர எறிந்த பந்து ஜக்விஸ்கி டார்ட்டின் கைகளுக்கு நேராக வந்து விழுந்தது. நழுவியது. அவர் பிடித்திருந்தால் சூப்பர் போலுக்கு வேறு அணி போயிருக்கலாம். பிறகு அவர் சாக்குச் சொல்லாமல் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது அன்றுதான். மேட் கே இரண்டு ஃபீல்டு கோல் அடித்து 20-17.

ராம்ஸ் சூப்பர் போலைச் சொந்த மைதானத்தில் ஆடியது நியாயமா?

சூப்பர் போல் நடக்கும் இடம் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடும். இங்கிள்வுட்டில் உள்ள சோஃபை மைதானம் அந்த முறை வந்தது தற்செயல். முதல் 54 சூப்பர் போல்களில் எந்த அணிக்கும் இது வாய்த்ததில்லை. 2021 பிப்ரவரியில் டேம்பா பேவுக்கும், அடுத்த ஆண்டே ராம்ஸுக்கும் வாய்த்தது. பெயரளவில் 'உள்ளூர் அணி' சின்சினாட்டிதான், ஏனென்றால் அந்தத் தகுதி இரு பிரிவுகளுக்கும் மாறி மாறிப் போகும்.

இறுதி ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 13. ஓடல் பெக்கமும் கப்பும் டச் டவுன் பிடிக்க ராம்ஸ் 13-3. இரண்டாவதன்பின் கூடுதல் புள்ளிக்குப் பந்தை நிறுத்துகையில் நழுவியது. இடைவேளைக்கு முன்பே பெக்கம் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். இடைவேளையில் 13-10. இரண்டாம் பாதியின் முதல் ஸ்னாப்பிலேயே டீ ஹிக்கின்ஸ் 75 யார்டு டச் டவுன். அடுத்த ராம்ஸ் ஸ்னாப்பில் இன்டர்செப்ஷன், மெக்ஃபர்சன் ஃபீல்டு கோல், சின்சினாட்டி 20-13. மேட் கே ஒன்று அடித்து 20-16.

அதன்பின் நெடுநேரம் யாருக்கும் புள்ளி இல்லை. ஆறு நிமிடச் சொச்சம் இருக்கையில் ராம்ஸ் தன் 21 யார்டு கோட்டில் தொடங்கியது. பெக்கம் இல்லாததால் பந்து கப்புக்குத்தான் போகும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். நான்காவது டவுனில் 1 யார்டு வேண்டும்; பந்தை அவர் கையிலேயே கொடுத்து ஓடவிட்டார்கள், 7 யார்டு. மறுபடி கப், மறுபடி கப். 15 ஸ்னாப், 79 யார்டு. கடைசியில் 1 யார்டு பாஸ், அதுவும் கப். 23-20, மீதம் 1:25.

பரோவுக்கு நேரம் இருந்தது. நடுக்கோடு வரை வந்தார். மூன்றாவது டவுனில் ஒரு யார்டு தேவை. ஆரன் டானல்ட் ஓடியவரைப் பிடித்து நிறுத்தினார். நான்காவது டவுன், அதே ஒரு யார்டு. டானல்ட் பரோவைச் சுற்றிப் பிடித்துச் சுழற்ற, பந்து யாருக்கும் எட்டாமல் விழுந்தது. டானல்ட் எழுந்து தன் விரலைக் காட்டினார், சாம்பியன் மோதிரம் போடும் விரல். பரோ அன்று ஏழு முறை சாக். பிளேஆஃப் நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து 19. அந்தத் தடுப்பு வரிசை கடைசிவரை தாங்காது என்று ஜனவரியிலேயே தெரிந்தது. பிப்ரவரிவரை தாங்கியதே பரோவால்தான்.

நடுவர்கள் ராம்ஸுக்குச் சாதகமாக நடந்தார்களா?

கடைசி டச் டவுனுக்குச் சற்று முன் சின்சினாட்டியின் லோகன் வில்சன் மீது வந்த மஞ்சள் கொடி (விதிமீறலுக்கு நடுவர் வீசுவது) எனக்கும் உறுத்தல்தான். ஆட்டம் முழுக்கக் கண்டுகொள்ளாத ஒன்றை அங்கே கண்டுகொண்டார்கள். ஆனால் ஹிக்கின்ஸின் 75 யார்டு டச் டவுனில் அவர் ஜேலன் ராம்சியின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்தது ரீப்ளேயில் தெளிவாகத் தெரிந்தது, அதற்குக் கொடி வரவில்லை. ஒன்றைப் பேசினால் மற்றதையும் பேச வேண்டும்.

ஆட்ட நாயகன் யார்?

கப். 8 பிடிப்பு, 92 யார்டு, 2 டச் டவுன். லீக் ஆட்டங்களிலும் பிடிப்பு, யார்டு, டச் டவுன் மூன்றிலும் அவரே முதலிடம்: 145, 1947, 16. நான் டானல்டுக்குக் கொடுத்திருப்பேன், ஆனால் கப்புக்குக் கொடுத்ததில் குறை காண மாட்டேன்.

பயிற்சியாளர்கள்?

ராம்ஸின் ஷான் மெக்வேக்கு அப்போது வயது 36, சூப்பர் போல் வென்ற தலைமைப் பயிற்சியாளர்களில் மிக இளையவர். எதிரே நின்ற ஸாக் டெய்லர் அதற்கு மூன்று ஆண்டு முன்புவரை அவரிடம் உதவியாளராக இருந்தவர். ராம்ஸின் 40 வயது ஆண்ட்ரூ விட்வொர்த்தும் சின்சினாட்டிக்கு 11 சீசன் ஆடியவர். அங்கே ஒரு பிளேஆஃப் ஆட்டமும் வெல்லாதவர். பழைய அணியை வென்று கோப்பையைத் தூக்கிவிட்டு ஓய்வு பெற்றார்.

கிக்கர்களைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள்?

ஏனென்றால் அந்த வருடக் கோப்பையைத் தீர்மானித்தவர்கள் அவர்கள்தான். மெக்ஃபர்சன் அந்த நான்கு ஆட்டங்களில் 14 ஃபீல்டு கோல் முயன்றார், 14-ம் உள்ளே. ஒரே பிளேஆஃபில் 14 என்பது 2006 சீசனில் ஆடம் வினாடியெரி வைத்த சாதனைக்குச் சமம். ஒரு மாதத்தில் டென்னசியின் ஆசையையும் கேன்சஸ் சிட்டியின் ஆசையையும் முடித்துவைத்த அந்தக் கால்களுக்கு வயது 22.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எது?

எல்லோரும் பஃபலோ–கேன்சஸ் சிட்டி என்பார்கள். நானும் அதையே சொல்வேன், ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டிப் பார்க்காதீர்கள். மூன்றாம் கால்பகுதியிலிருந்து தொடங்குங்கள். பட்கர் அந்தக் கூடுதல் புள்ளியைத் தவறவிடுவது அங்கேதான் வருகிறது. இன்னும் அரை மணி நேரம் கிடைத்தால், அடுத்த வாரத்து ஆட்டத்தில் முதல் பாதியின் கடைசி 5 விநாடியை எடுத்து வையுங்கள். ஹில் பந்தை வாங்கியதும் ஈலை ஆப்பிள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.